வேண்டாத மின்னஞ்சல்களைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் காலம் நெருங்கினால், ‘உங்களுக்கு ரூ. 18,500 ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டுள்ளது. 24 மணி நேரத்துக்குள் வங்கிக் கணக்கை உறுதிசெய்யவும்’ என்கிற வகை மின்னஞ்சல்கள் வரத் தொடங்கிவிடும். அனுப்புநர் இடத்தில் துறையின் பெயரும், உள்ளே அசோகச் சின்னமும் இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்து நம்பிவிடுவதே முதல் தவறு. கடித உறையின் மேல் யாரும் எந்தப் பெயரையும் எழுதலாம் என்பதுபோல, மின்னஞ்சலிலும் அனுப்புகிறவர் தாம் விரும்பிய பெயரை இட்டுக்கொள்ள முடியும். செல்பேசியில் பெரும்பாலும் பெயர் மட்டுமே தெரிவதால், அதைத் தொட்டு முழு முகவரியையும் பார்க்க வேண்டும்.

பார்ப்பவர்களும் முகவரியின் தொடக்கத்தைப் படித்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். ஒரு தளம் யாருடையது என்பதை அதன் பெயரின் கடைசிப் பகுதியே சொல்லும். ‘இன்கம்டாக்ஸ்.கவ்.இன்’ என்று முடிந்தால் அது வருமான வரித் துறையின் தளம். அதற்குப் பின்னும் ஒரு புள்ளி வைத்து வேறொரு சொல்லும் ‘.காம்’ என்பதும் வந்தால், முன்னால் இருப்பதெல்லாம் வெறும் ஒப்பனை. அனுப்புநர் முகவரியையே போலியாகக் காட்டும் வித்தையும் உண்டு என்பதால், மின்னஞ்சலில் உள்ள லிங்கைத் தொடாமல், தளத்தின் முகவரியை நாமே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பார்ப்பதே நல்லது. உண்மையான ரீஃபண்ட், அந்தத் தளத்தில் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட வங்கிக் கணக்குக்குத்தான் வரும்; அதற்காகத் துறை மின்னஞ்சலில் கடவுச்சொல்லையோ பின் எண்ணையோ கேட்பதில்லை.

‘இனி எனக்கு அனுப்பாதீர்கள்’ என்று கோபமாகப் பதில் எழுதுவோர் உண்டு. அந்தப் பதிலால் கிடைக்கும் ஒரே பலன், இந்த முகவரியை ஒருவர் பயன்படுத்துகிறார் என்று அனுப்பியவருக்குத் தெரிந்துவிடுவதுதான். முன்பின் தெரியாத மின்னஞ்சலின் அடியில், பட்டியலிலிருந்து விலகுவதற்கென்று உள்ள ‘அன்சப்ஸ்க்ரைப்’ லிங்கும் அப்படித்தான். நாமே முகவரி கொடுத்த துணிக்கடை, பயணச்சீட்டுத் தளம் போன்றவற்றின் விஷயம் வேறு. அவற்றிலிருந்து தாராளமாக விலகலாம். மொத்தமாக விளம்பரம் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்று ஜிமெயிலும் யாஹூவும் 2024-இல் விதி கொண்டுவந்தன.

ஸ்பேமை, அதாவது வேண்டாத மின்னஞ்சலை, அழித்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் சரியல்ல. ‘ஸ்பேம்’ என்று குறித்தால்தான் மின்னஞ்சல் சேவையின் வடிகட்டி அதிலிருந்து கற்றுக்கொள்ளும்.

மின்னஞ்சல் கணக்கு ஒருமுறை பிறர் கைக்குப் போய்விட்டால், கடவுச்சொல்லை மாற்றியதோடு நிம்மதி அடைவதுதான் நான் காணும் தவறுகளிலேயே மோசமானது. உள்ளே நுழைந்தவர், நமக்கு வரும் மின்னஞ்சல்கள் தமக்கும் வரும்படி அமைப்புகளில் ஒரு ஃபார்வர்டிங் முகவரியைச் சேர்த்திருந்தால், புதிய கடவுச்சொல் அதைத் தடுக்காது; வங்கி மின்னஞ்சலில் அனுப்பும் ஓடிபி அவருக்கும் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே ஃபார்வர்டிங், ஃபில்டர் (வரும் மின்னஞ்சல்களைத் தானாகப் பிரிக்கும் விதி), மீட்பு எண் (கணக்கை மீட்கப் பயன்படும் செல்பேசி எண்), உள்நுழைந்துள்ள சாதனங்கள் ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பையும் இயக்க வேண்டும்.

பணமும் போயிருந்தால், வெட்கப்பட்டு இரண்டு நாள் தள்ளிப்போடாமல், வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும். பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறி எடுக்கப்படுவதற்கு முன்னால் சொன்னால்தான் அதை முடக்கிவைக்க வழியுண்டு. பரிவர்த்தனை எண்ணைக் கேட்பார்கள் என்பதால், வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை அழித்துவிட வேண்டாம்.