கெய்தர் ஃபெல்லோஷிப்: விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாஷிங்டனில் இருக்கும் வெளியுறவுக் கொள்கை ஆய்வு நிறுவனமான கார்னகி சர்வதேச அமைதி அறக்கட்டளை, பட்டப்படிப்பை முடித்த கையோடு வரும் இளைஞர்களில் ஏறக்குறைய ஒரு டஜன் பேரை ஒவ்வோர் ஆண்டும் ஒரு வருடத்துக்கு வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. கெய்தர் ஜூனியர் ஃபெல்லோ என்பது அந்த வேலையின் பெயர். அமெரிக்கக் கல்லூரிகளில் அரசியலோ வரலாறோ படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் தங்கள் விண்ணப்பங்களை என்னிடம் காட்டுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனாலும் ஒரே மாதிரியான தவறுகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் பரிசாக இதை நினைத்துவிடுகிறார்கள். இது சம்பளத்துக்குச் செய்யும் வேலை. மூத்த ஆய்வாளர் ஒருவருக்கு ஆராய்ச்சி உதவியாளராக இருந்து, தரவு திரட்டி, அவர் எழுதியதைச் சரிபார்த்து, சில சமயம் அவரோடு சேர்ந்து எழுதவும் வேண்டும். 'என் சொந்த ஆராய்ச்சியை அங்கே தொடர ஆசைப்படுகிறேன்' என்று பக்கம் பக்கமாக எழுதினால், படிப்பவருக்கு 'என் வேலையை யார் செய்வது?' என்றுதான் தோன்றும்.

அடுத்தது தேதி. இந்த ஃபெல்லோஷிப்புக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. திட்டத்தில் சேர்ந்திருக்கும் கல்லூரி உங்களை முன்மொழிய வேண்டும். அதுவும் ஒரு கல்லூரியிலிருந்து ஒரு சிலரைத்தான். இணையதளத்தில் தெரியும் ஜனவரி நடுப்பகுதித் தேதி, கல்லூரி தன் தேர்வை அனுப்பி வைப்பதற்கான கெடு. கல்லூரிக்குள் நடக்கும் போட்டி அதற்கு வெகு முன்பே, பல இடங்களில் இலையுதிர் பருவத்திலேயே முடிந்துவிடும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து எழுதலாம் என்று இருந்தவர்களுக்கு அந்த வருடம் அதோடு சரி. இறுதியாண்டு தொடங்கிய வாரமே கல்லூரியின் ஃபெல்லோஷிப் அலுவலகத்தில் போய்க் கேட்டுவிடுங்கள்.

இதோடு நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 'முதலில் மாஸ்டர்ஸை முடி, அப்புறம் இதையெல்லாம் பார்க்கலாம்' என்று பெற்றோர் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இறுதியாண்டு மாணவர்களும் கடந்த ஒரு வருடத்துக்குள் பட்டம் பெற்றவர்களும் மட்டுமே விண்ணப்பிக்கலாம். மேற்படிப்பைத் தொடங்கியவர்களுக்குக் கதவு மூடிவிடும். மாஸ்டர்ஸ் ஒரு வருடம் தள்ளிப்போனால் குடி மூழ்கிவிடாது.

அறக்கட்டளையின் எந்த ஆய்வுப் பிரிவுக்கு விண்ணப்பிப்பது என்பதில் ஆசையைவிடத் தகுதியைப் பாருங்கள். மத்தியக் கிழக்குப் பிரிவில் அரபு மொழியில் சரளமாகப் படிக்கத் தெரிய வேண்டும். இரண்டு பருவம் வகுப்புக்குப் போனதை 'நல்ல தேர்ச்சி' என்று எழுதினால் நேர்காணலில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி கட்டுரை. விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். ஒவ்வொரு பிரிவும் ஒரு கேள்வி தரும். அதற்கு இரட்டை இடைவெளியில் மூன்று பக்கத்துக்குள் பதில் எழுத வேண்டும். ஆய்வுக் கட்டுரையை யாரும் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். அணு ஆயுதக் கொள்கை குறித்த ஒரு பயிற்சிக் கட்டுரை இப்படித் தொடங்கியது: 'அணு ஆயுதங்கள் மனித குலத்தின் மிகப் பெரிய அச்சுறுத்தல்.' யார் மறுப்பார்கள்? மறுக்க ஆளில்லாத வாக்கியத்தில் வாதத்துக்கு இடம் ஏது? அப்புறம் ஒன்றரைப் பக்கம் ஹிரோஷிமாவிலிருந்து வரலாறு.

அதே கட்டுரையின் இரண்டாம் பக்க நடுவில் ஒரு வரி ஒளிந்திருந்தது. அமெரிக்காவும் ரஷ்யாவும் தங்கள் அணு ஆயுத எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துச் செய்துகொண்ட நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தை ரஷ்யா நிறுத்திவைத்தது 2023 பிப்ரவரியில். ஆனால் இரு நாடுகளும் ஒன்றின் தளங்களை இன்னொன்று நேரில் போய்ச் சோதிப்பது கொரோனாவால் 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டது, திரும்பத் தொடங்கவே இல்லை. ஆண்டுக்கு 18 சோதனைகள் வரை அனுமதி இருந்தும் அதன் பிறகு ஒன்றுகூட நடக்கவில்லை. 'அப்படியென்றால் ஏவத் தயாராக வைத்திருக்கும் அணுகுண்டுகள் ஆளுக்கு 1,550 என்ற உச்சவரம்பு காகிதத்தில் இருந்த அந்த மூன்று வருடங்களில், அதை நேரில் போய்ப் பார்த்தவர் யார்?' என்று கேட்டேன். அந்த மாணவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு அந்த வரியை முதல் வரியாக்கி, எண்ணிக்கையைவிடச் சோதனைக்குத்தான் அடுத்த ஒப்பந்தம் முதலிடம் தர வேண்டும் என்று ஒரு பக்கம் நின்று வாதாடினார். வரலாற்றுப் பகுதி நான்கே வரியாகச் சுருங்கியது. எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றை எடுத்து, அதற்குப் பதிலும் சொன்னார். பிரமாதமாக வந்தது.

பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத் தலைவரையோ முன்னாள் தூதரையோ தேடி ஓடாதீர்கள். உங்கள் நீண்ட கட்டுரையைப் படித்துச் சிவப்பு மையால் திருத்தியவர் எழுதும் அரைப் பக்கம் அதைவிட மேல். அவருக்கு மூன்று வாரமாவது அவகாசம் கொடுங்கள். அந்தக் கட்டுரையையும் கூடவே அனுப்புங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எஃப்-1 விசாவில் படிக்கப் போனவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபெல்லோஷிப் நடக்கும் 12 மாதமும் வேலை செய்யும் அனுமதி கையில் இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அது ஓபிடி, அதாவது மாணவர் விசாவில் இருப்பவர்கள் தாங்கள் படித்த துறையில் குறிப்பிட்ட மாதங்கள் வேலை செய்யக் கிடைக்கும் அனுமதி. படிக்கும் காலத்திலேயே அதில் கொஞ்சத்தைப் பயன்படுத்தியிருந்தால் அந்த மாதங்கள் கழிக்கப்படும். ஆகவே மூன்றாம் ஆண்டுக் கோடையில் ஓபிடியைத் தொடுவதற்கு முன், கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.