மருதாணி கழுவினால் போகாது: பள்ளிச் சீருடையில் நாம் செய்யும் தவறுகள்

தீபாவளிக்கு மறுநாள் காலையில் என் மகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று முழங்கை வரை போட்டுக்கொண்ட மருதாணி. மருதாணி போட்டதில் ஒரு குற்றமும் இல்லை. வகுப்பாசிரியருக்கு ஒரு வரி எழுதிப்போட நான் மறந்ததுதான் வினையானது. அன்று மாலை என் கைப்பேசி அடித்தது. பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது, ஆனாலும் எனக்குக் காது சிவந்துவிட்டது.

அன்றிலிருந்து சீருடை விஷயத்தில் நம் குடும்பங்கள் எங்கே வழுக்குகின்றன என்று கவனிக்கத் தொடங்கினேன்.

முதல் தவறு, "அக்கா பிள்ளை பள்ளியில் விடுகிறார்களே" என்று நம்புவது. தலைமுடி நீளம், காலணி நிறம், தோடு எல்லாவற்றையும் அந்தந்தப் பள்ளிதான் தீர்மானிக்கிறது. ஒரு பள்ளியில் வெள்ளைக் காலணி, பக்கத்துப் பள்ளியில் கறுப்பு. ஒன்றில் கணுக்கால் தெரியாத காலுறை, இன்னொன்றில் பள்ளிச் சின்னம் போட்ட காலுறை மட்டும். விதிகள் பள்ளியின் இணையப் பக்கத்திலோ கையேட்டிலோ இருக்கும். இரண்டு பக்கம்தான் வரும், படித்துவிடுங்கள். அதில் இல்லாததைப் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஏழு பேர் ஏழு பதில் சொல்வார்கள்.

நமக்கு அதிகம் இடிப்பது பொட்டு, திருநீறு, சாமிக் கயிறு, தோடு, மூக்குத்தி, மொட்டை ஆகியவைதான். பெண் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு காதிலும் ஒரு சிறிய தோடு என்பது பல பள்ளிகளில் பொதுவானது. ஜிமிக்கி ஆடினால் உடற்கல்வி வகுப்பில் ஆபத்து என்பார்கள், அது நியாயமும்கூட. கொலுசுக்கும் அதே கதைதான். ஆண் பிள்ளைக்குக் காது குத்தும் குடும்பங்கள் பள்ளி தொடங்கும் முன் யோசிக்க வேண்டும். தோடு போட விடமாட்டார்கள், ஓட்டை தூர்ந்துபோகக்கூடாதே என்று குச்சி செருகி அனுப்பினாலும் பெரும்பாலும் எடுக்கச் சொல்வார்கள். கயிற்றைச் சில ஆசிரியர்கள் சட்டைக்குள் விடச் சொல்வார்கள், சிலர் அவிழ்க்கச் சொல்வார்கள். அம்மனுக்குக் கட்டியதை அவிழ்ப்பதா என்று பிள்ளை அழுதுகொண்டு நிற்கும். அந்த நிலைமைக்கு விடாமல் கோயிலுக்குப் போகுமுன்னே கேட்டுவிடுவது நல்லது.

மொட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்கு நேர்ந்துகொண்டு முடி இறக்குகிறோம், மறுநாளே பள்ளி. பையனென்றால் யாரும் கண்டுகொள்வதில்லை. பெண் பிள்ளை மொட்டையோடு போனால் கேள்வி வரும், கேலியும் வரும். 2013-இல் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு ஆதரவாக நடக்கும் ஹேர் ஃபார் ஹோப் நிகழ்ச்சியில் மொட்டையடித்த உயர்நிலைப்பள்ளி மாணவிகள் சிலர், பொய்முடி அணிவதாக முன்பே ஒப்புக்கொண்டுவிட்டு வெறும் தலையோடு வந்தார்கள். பள்ளி அவர்களைப் பொய்முடி அணிய வைத்தது, ஊரே அதைப் பற்றிப் பேசியது. அந்தப் பேச்சில் பாதி, சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது பற்றியது. அதனால் வேண்டுதலை ஒரு வாரம் முன்பே வகுப்பாசிரியருக்கு எழுதுங்கள். வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லலாம் என்று அவருக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும்.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் ஒரு குழப்பம் உண்டு. 2021 நவம்பரிலிருந்து பொதுச் சுகாதாரத் துறைத் தாதியர் சீருடையோடு தூடோங், அதாவது தலைமுடியை மறைக்கும் முக்காடு, அணியலாம் என்றானது. அதோடு பள்ளியிலும் மாறிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அரசுப் பள்ளிகளில் சீருடையோடு தூடோங் அணியக்கூடாது என்ற விதி அப்போது மாறவில்லை.

மருதாணிக்குத் திரும்புகிறேன். அரைத்த இலையோ நல்ல கூம்போ, கறை மங்க ஓரிரு வாரம் பிடிக்கும். சோப்பும் எலுமிச்சையும் தேய்த்தால் கை எரியுமே தவிர நிறம் போகாது. கல்யாணமென்றால் ஜூன் விடுமுறையின் முதல் வாரத்தில் போட்டுக்கொள்ளலாம். தீபாவளிக்கு உள்ளங்கையோடு நிறுத்திக்கொண்டு, ஆசிரியருக்கும் சொல்லிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. பத்து நிமிடத்தில் கருகருவென்று பிடிக்கும் 'கறுப்பு மருதாணி' மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் தலைச்சாயத்தில் போடும் வேதிப்பொருள் கலந்திருக்கலாம், தோல் கொப்பளித்துவிடும்.

ஆண்டிறுதி விடுமுறையில் முடிக்குச் சாயம் போடுவது அடுத்தது. ஜனவரி முதல் வாரத்தில் அதன்மேல் கறுப்பு அடித்துவிடலாம் என்பது பிள்ளைகளின் திட்டம். ஒரு மாதத்தில் கறுப்பு கழுவிக்கொண்டு பழுப்பு எட்டிப் பார்க்கும்.

வாங்கும்போது நாம் செய்வது, "வளருற பிள்ளை" என்று இரண்டு அளவு பெரிதாக எடுப்பது. தொடக்கநிலை ஒன்றில் கால்சட்டை இடுப்பில் நிற்காமல், கழிப்பறையில் கொக்கியோடு போராடும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஒரு அளவு போதும். மடிப்பைப் பிரித்து இறக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உயர்நிலைக்குப் போனதும் இதே பிள்ளை கால்சட்டையை ஒட்டத் தைத்துக்கொண்டு வரும். மாற்றித் தைத்த சீருடையைப் பல பள்ளிகள் ஏற்பதில்லை, புதிதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். ஆண்டு தொடக்கம் மழைக்காலம் என்பதால் காலணி மட்டும் இரண்டு ஜோடி வாங்குங்கள். வெள்ளைக் கேன்வாஸ் ஒரே இரவில் காயாது, மின்விசிறிக்கு முன்னால் வைத்தாலும்.

வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி அடித்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் சில பள்ளிகள் வெப்பம் தணியும்வரை உடற்கல்விச் சட்டையோடு வரலாம் என்றன. அறிவிப்பு முடிந்த பிறகும் அதையே போட்டு அனுப்பி மாட்டிக்கொண்டவர்களைத் தெரியும். பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் வரும் தகவலைக் கடைசி வரி வரை படியுங்கள்.

பணம் இடித்தால் வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பிடிக்காத தவறு. சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்தில் பாடப்புத்தகமும் சீருடையும் இலவசம். 2025-இலிருந்து குடும்பத்தின் மொத்த மாத வருமானம் 4,000 வெள்ளிக்குள், அல்லது ஆளுக்கு 1,000 வெள்ளிக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். படிவம் பள்ளி அலுவலகத்திலேயே கிடைக்கும்.

அப்புறம், ஜூலை 21, இன நல்லிணக்க நாள். அன்று பிள்ளைகள் அவரவர் பாரம்பரிய உடையில் பள்ளிக்கு வரலாம். பிள்ளைக்கு வேட்டி கட்டி அனுப்பப் போகிறீர்கள் என்றால் உள்ளே உடற்கல்வி அரைக்கால்சட்டையைப் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டு வேட்டி ஓய்வுநேரம் வரைகூடத் தாங்கவில்லை.