வீடு மேடவாக்கத்தில், நீங்கள் சிங்கப்பூரில்

சிங்கப்பூரில் இருந்துகொண்டு சென்னைப் பக்கம் மேடவாக்கத்தில் இருக்கும் வீட்டை வாடகைக்கு விட்டுச் சமாளிக்க முடியுமா என்றால், முடியும். ஆனால் குழாய் ஒழுகினால் அன்றைக்கே சொல்கிற ஆள் அங்கே குடியிருக்க வேண்டும். எனக்கு வாய்த்த முதல் குடித்தனக்காரர் தங்கமான மனிதர், 5ஆம் தேதிக்குள் வாடகை வந்துவிடும். என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பாத்ரூம் கசிவைச் சொல்லாமலே மூன்று மாதம் ஓட்டிவிட்டார், கீழ்வீட்டுச் சீலிங்கில் பூச்சு பெயர்ந்து விழுந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர்மேல் தப்பே இல்லை, எதை எப்போது சொல்ல வேண்டும் என்று நான் பேசி வைக்கவில்லை.

அதனால் சாவி கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். சுவிட்ச், குழாய் வாஷர், ஃபிளஷ் டேங்க் மாதிரி 2,000 ரூபாய்க்குள் முடிகிற வேலையை அவரே ஆள் வைத்துச் செய்து, பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அடுத்த வாடகையில் கழித்துக்கொள்ளட்டும். அதற்கு மேல் என்றால் உங்களைக் கேட்க வேண்டும். தண்ணீர்க் கசிவு என்றால் செலவு எவ்வளவானாலும் உடனே போன். பிளம்பர், எலக்ட்ரீஷியன் நம்பரையும் மெயின் வால்வு இருக்கும் இடத்தையும் எழுதி கிச்சன் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டு வாருங்கள்.

அப்புறம் பத்திரம். 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்ததிலிருந்து, ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். சென்னையில் 10 மாத அட்வான்ஸ் பழைய வழக்கம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை சட்டம் சொல்வது மூன்று மாதம்தான். நான் மூன்றுதான் வாங்கினேன், திருப்பித் தரும்போது பணம் புரட்ட அலைய வேண்டியதில்லை. காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள், சண்டை வருவதே அங்கேதான்.

நேரில் போய்ப் பார்க்க ஒருவர் கட்டாயம் வேண்டும். எனக்குப் பள்ளிக்கரணையில் இருக்கும் சித்தப்பா மகன். உங்கள் சார்பில் கையெழுத்துப் போட அவருக்குக் கொடுக்கும் பவர் பத்திரத்தை இந்திய ஹை கமிஷனில் (தூதரகத்தில்) அத்தாட்சி வாங்கி அனுப்பினால், ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். வாடகைக்கு விட, ஒப்பந்தம் போட, வரி கட்ட மட்டும் அதிகாரம் கொடுங்கள். கூடப் பிறந்தவராகவே இருந்தாலும் விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காதீர்கள்.

நீங்கள் என்ஆர்ஐ, அதாவது வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் என்றால், வாடகை என்ஆர்ஓ கணக்குக்கு (இந்தியாவில் வரும் வருமானத்துக்காக என்ஆர்ஐ வைக்கும் வங்கிக் கணக்கு) வர வேண்டும், தொகை சின்னதாக இருந்தாலும் குடியிருப்பவர் வாடகையில் 30 சதவீத வருமான வரியும் அதன்மேல் வரும் செஸ் என்கிற கூடுதல் வரியும் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். நிறையப் பேருக்கு இது தெரியாது, வீடு பார்க்க வரும்போதே சொல்லிவிடுங்கள். கூடுதலாகப் பிடித்ததை வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஈபி பில்லை நெட்டில் நீங்களே பாருங்கள். யூனிட் திடீரென்று பாதியாகக் குறைந்தால் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும்.

அக்டோபரில் வரி கட்டும்போதே, மழை பிடிக்கும் முன், மொட்டை மாடித் தண்ணீர் போகும் ஓட்டையில் அடைத்திருக்கும் இலையை எடுக்கச் சொல்லி வீடியோ வாங்கிவிடுங்கள்.