யாருக்கு எந்தப் புத்தகம்? பினாங்கிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

“அண்ணே, படிக்க நல்ல புத்தகமா ஒண்ணு சொல்லுங்களேன்” என்று யாராவது கேட்டால், நமக்குப் பிடித்த புத்தகத்தின் பெயர்தான் முதலில் வாயில் வரும். அதை அடக்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குத்தான் இந்த விளக்கம். வீட்டில் இருப்பவர்களுக்கோ, பக்கத்து வீட்டு அக்காவுக்கோ, வேலையிடத்து நண்பருக்கோ முதல்முறையாகப் புத்தகம் தேர்ந்து கொடுக்கப்போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இலக்கியம் நிறையப் படித்திருக்க வேண்டியதில்லை. காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தால் போதும்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை நூலகத் துறையில் இன்றும் பாடமாக வைத்திருக்கிறார்கள். அவற்றில் நமக்கு வேண்டியவை இரண்டாவதும் மூன்றாவதும்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு. ‘உயர்ந்த நூல்’, ‘தாழ்ந்த நூல்’ என்ற பேச்சே அங்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்தச் செய்முறையிலும் அது கிடையாது.

படி 1: புத்தகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்

“உங்களுக்கு என்ன மாதிரி புத்தகம் பிடிக்கும்?” என்று கேட்டால் பலர் கூச்சப்படுவார்கள். “நான் அவ்வளவா படிக்கிறதில்ல” என்பார்கள், அல்லது பெரிய பெயர் ஒன்றைச் சொல்லித் தப்பிப்பார்கள். அதனால், “அண்மையில் பார்த்த படத்திலோ நாடகத்திலோ எது பிடித்தது? கொஞ்சம் சொல்லுங்களேன்” என்று கேளுங்கள். புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தொலைக்காட்சித் தொடர், வானொலியில் கேட்ட பேட்டி, வாட்ஸ்அப்பில் வந்த கதை, எதுவானாலும் சரி.

அவர் சொல்லும்போது எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். ஒரே படத்தைப் பார்த்துவிட்டு வந்த நால்வர் நான்கு விதமாகச் சொல்வார்கள். “கடைசி வரைக்கும் யாருன்னே தெரியல” என்பார் ஒருவர். “அந்த மாமியார் இருக்காங்களே, அப்படியே எங்க அத்தை” என்பார் இன்னொருவர். மூன்றாமவர் அந்தக் காலத்து வீட்டையும் தெருவையும் பற்றியே பேசுவார். நான்காமவர் ஒரு வசனத்தை அப்படியே ஒப்பிப்பார். இந்த நாலு பேருக்கும் ஒரே நாவலை வாங்கிக் கொடுத்தால் ஒருவர்தான் முடிப்பார்.

படி 2: எந்த வாசல் என்று கண்டுபிடியுங்கள்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நூலகராக இருந்த நான்சி பெர்ல், ஒரு புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள் இருப்பதாகச் சொல்வார்: கதை, மாந்தர், களம், மொழி. எல்லாப் புத்தகத்திலும் நான்கும் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு வாசல்தான் அகலத் திறந்திருக்கும். உங்கள் ஆள் எந்த வாசல் வழியாக வருகிறவர் என்று தெரிந்துவிட்டால் தேர்வு எளிது.

கதை வாசல்காரர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பதுதான் முக்கியம். மர்மக் கதை, துப்பறியும் கதை, வரலாற்றுச் சாகசம் எல்லாம் இவர்களுக்கு. கடையில் தொங்கும் மாத நாவல்களை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். ஒரே மூச்சில் நூறு பக்கம் படிக்கும் பழக்கத்தைப் பலருக்கு ஏற்படுத்தியவை அவைதான். மாந்தர் வாசல்காரர்களுக்குக் குடும்பக் கதைகள், வாழ்க்கை வரலாறுகள், தன்வரலாறுகள். சம்பவம் ஒன்றுமே நடக்காவிட்டாலும் பரவாயில்லை, மனிதர்கள் பேசிக்கொண்டிருந்தால் போதும். காதல் கதைகளை விரும்புகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் இருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. முடிவு என்னவென்று தெரிந்தேதான் படிக்கிறார்கள், ஆகவே அவர்கள் கதைக்காக வரவில்லை.

பொன்னியின் செல்வனை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். 2022, 2023-ல் படம் வந்தபிறகு, “புத்தகம் படிக்கலாமா?” என்று கேட்காத ஆளில்லை. கதை வாசல்காரர் படத்தைப் பார்த்திருந்தால் முடிச்சுகளில் பாதி அவருக்கு அவிழ்ந்துவிட்டன, அவரை வற்புறுத்தாதீர்கள். மாந்தர் வாசல்காரருக்கோ படத்தில் கண்ணில் பட்டு மறைந்தவர்கள் எல்லாம் புத்தகத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாக வாங்கி மேசையில் வைக்காதீர்கள். இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல், பார்த்தாலே பயம் வரும். முதல் பாகம் மட்டும் கொடுங்கள். 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்தது என்பதால் அத்தியாயங்கள் சிறியவை. ஒவ்வொன்றும் அடுத்த வாரத்துக்கு ஆளை இழுக்கும்படிதான் முடியும்.

களம் வாசல் நம் ஊர்க்காரர்களுக்கு ரொம்பவே பொருந்தும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தலைமுறையும் அவர்களின் பிள்ளைகளும் தங்களுக்குத் தெரிந்த இடத்தைப் புத்தகத்தில் பார்த்தவுடன் நிமிர்ந்து உட்காருவார்கள். மலேசியத் தமிழ் எழுத்தில் தோட்டம் வராத இடம் குறைவு. சயாம் மரண ரயிலைப் பற்றி மட்டும் நாவல்கள் இருக்கின்றன. 1942-43-ல் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைத்துப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பெருந்தொகையாக அங்கே மாண்டார்கள். இதில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பல குடும்பங்களில் திரும்பி வராத தாத்தாவோ பெரியப்பாவோ இருப்பார். பெரியவர்களிடம் முதலில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அவர்களே அந்தக் காலத்தை எடுத்துப் பேசினால் கொடுக்கலாம். பேச்சை மாற்றினால் வேறு புத்தகம் தேடுங்கள்.

மொழி வாசல்காரர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அடையாளம் காண எளிது. படித்த வரியை உங்களிடம் வாசித்துக் காட்டுவார்கள். கவிதை, கட்டுரை, வட்டார வழக்கில் எழுதிய கதைகள் இவர்களுக்கு. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972-ல் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சுமத்ராத் தீவின் மெடான் நகரும் நம் பினாங்கும் அதில் களம். ஊர்ப்பாசத்தில் அதை எல்லாருக்கும் பரிந்துரைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சங்கப் பாட்டு வரியும் மலாய்ச் சொல்லும் கலந்து ஓடும் நடை அது. கதைக்காக வருகிறவர் முப்பதாம் பக்கத்தில் வைத்துவிடுவார். மொழிக்காக வருகிறவர் இரவு தூங்கமாட்டார்.

இந்த நாலிலும் அடங்காத ஒரு கூட்டம் உண்டு: “நான் கதையெல்லாம் படிக்கமாட்டேன்” என்பவர்கள். இவர்களைப் படிக்காதவர்கள் என்று ஒதுக்குவது நம்மிடம் உள்ள பெரிய கெட்ட பழக்கம். நாளிதழில் இராசிபலன், விளையாட்டுப் பக்கம், சமையல் குறிப்பு, வரவுசெலவுத் திட்டச் செய்தி என்று தினமும் படிக்கிறவர்கள்தானே? நாளிதழை எந்தப் பக்கத்திலிருந்து திறக்கிறார் என்று பாருங்கள், அதே துறையில் ஒரு புத்தகம் எடுங்கள். சித்த மருத்துவம், கோயில் வரலாறு, தோட்டக்கலை, பங்குச் சந்தை, காற்பந்து வீரர் ஒருவரின் வாழ்க்கை என்று எவ்வளவோ இருக்கிறது.

படி 3: தெம்பை அளந்து பாருங்கள்

பிடிப்பது வேறு, முடிவது வேறு. நம் நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றிலிருந்து பெரும்பாலான பாடங்கள் மலாயில். தமிழ் ஒரு பாடமாகத் தொடர்ந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதனால் முப்பது வயதில் நல்ல வேலையில் இருப்பவர்கூடத் தமிழ் அச்சில் பன்னிரண்டு வயதுப் பையனின் வேகத்தில்தான் படிப்பார். அது அறிவுக் குறைவு இல்லை, பழக்கம் விட்டுப்போனது. அவருக்குச் சிறுவர் கதை கொடுத்து அவமானப்படுத்தாதீர்கள். பெரியவர்களுக்கான விஷயம், ஆனால் சிறிய கட்டுரை அல்லது சிறுகதை, அகலமான வரி இடைவெளி. இப்படித் தேடுங்கள்.

ஐந்து விரல் சோதனை ஒன்று இருக்கிறது. புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். தடுமாறும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரல் மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். பிள்ளைகளுக்காகச் சொல்லப்படும் முறைதான், பெரியவர்களுக்கும் நன்றாகவே வேலை செய்கிறது.

அப்புறம் நேரம். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வேலைக்கு வருகிறவருக்குக் கடலில் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். அதற்குள் ஒரு சிறுகதை முடியும், நாவலின் ஒரு நீண்ட அத்தியாயம் முடியாது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு எழுத்தின் அளவைப் பாருங்கள். மலிவுப் பதிப்பில் பொடி எழுத்து இருந்தால் எவ்வளவு நல்ல நூலானாலும் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிடுவார்கள். மின்னூல் என்றால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன்: நீதிக் கதைகளாகவே வாங்கிக் குவிக்காதீர்கள். டைனோசர், விண்வெளி, பேய், பாம்பு இதெல்லாம்தான் அவர்கள் கேட்பது. தமிழிலும் அவை இருக்கின்றன.

படி 4: புத்தகத்தை எங்கே தேடுவது

முதலில் நூலகம். மாநிலப் பொது நூலகத்தின் தலைமையகம் செபராங் ஜெயாவில் இருக்கிறது. ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண் கொடுக்கும் டூயி முறையில் புத்தகங்களை அடுக்கும் நூலகங்களில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்ற எண். அந்த எண்ணை நினைவில் வைத்திருந்தால் யாரையும் கேட்காமல் அலமாரி முன் போய் நிற்கலாம். சமையலுக்கு 641.5, இந்து சமயத்துக்கு 294.5.

ஜார்ஜ்டவுனில் லெபோ பசாரைச் சுற்றியுள்ள லிட்டில் இந்தியாவுக்குச் சாமான் வாங்கப் போகும்போது அங்குள்ள கடைகளில் இதழும் புத்தகமும் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். பினாங்கு சாலையில் சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக உண்டு. தமிழுக்காக மட்டும் போனால் ஏமாறலாம், ஆனால் வீட்டில் ஆங்கிலமோ மலாயோ படிக்கிற பிள்ளை இருந்தால் அவசியம் கூட்டிப்போங்கள். கைச்செலவுக் காசைக் கொடுத்து அவர்களையே பொறுக்கவிடுங்கள்.

காசே செலவில்லாமல் சோதித்துப் பார்க்க மதுரைத் திட்டம் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கியது, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஒரு அத்தியாயத்தைக் கைப்பேசியில் படிக்கக் கொடுத்துப் பார்த்து, பிடித்தால் அச்சுப் புத்தகம் வாங்கலாம். வாங்கினால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். வருமான வரிக் கணக்கில் வாழ்க்கைமுறைக் கழிவு என்று 2,500 வெள்ளி (ரிங்கிட்) வரை இருப்பதில் கைப்பேசி, கணினி, இணையக் கட்டணத்தோடு புத்தகமும் சேரும்.

படி 5: மூன்று கொடுங்கள், ஒன்றைத் திருப்பி வாங்குங்கள்

ஒரே புத்தகத்தைக் கொடுத்தால் அது கடமையாகிவிடும். மூன்று கொடுங்கள். முதலாவது, அவர் வாசலுக்கு நேராகப் பொருந்துவது. இரண்டாவது, அதே வாசல்தான், ஆனால் இன்னும் மெல்லிய புத்தகம். மூன்றாவது, சற்று விலகியது, உங்கள் ஆசைக்கு. “இதில் பிடிக்காததை முதலில் திருப்பிக் கொடுத்துடுங்க” என்று சொல்லிவிடுங்கள். எது முதலில் திரும்பி வருகிறது என்பதிலேயே அவரைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

பாதியில் நிறுத்தவும் அனுமதி கொடுங்கள். இதற்கும் நான்சி பெர்ல் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஐம்பது வயது வரை உள்ளவர்கள் ஐம்பது பக்கம் படித்துப் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் மூடிவிடலாம். ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொள்ள வேண்டும். எழுபது வயதுப் பாட்டிக்கு முப்பது பக்கம். நூறு வயதாகிவிட்டால் அட்டையைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாமாம்! நம் வீடுகளில், எடுத்த புத்தகத்தை முடிக்காமல் வைப்பது சரஸ்வதிக்குச் செய்யும் குற்றம் என்பதுபோல வளர்த்திருக்கிறார்கள். அதனாலேயே பலர் புதிதாக எதையும் எடுப்பதில்லை.

படி 6: திரும்பக் கேட்கும்போது

இரண்டு மூன்று வாரம் கழித்து, “பிடிச்சிருந்ததா?” என்று மட்டும் கேட்காதீர்கள். மரியாதைக்காக “நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிடுவார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. “எங்கே நிறுத்தினீங்க?” என்று கேளுங்கள். பக்க எண்ணை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பத்தாம் பக்கத்துக்குள் நின்றிருந்தால் மொழி கடினம் அல்லது எழுத்து பொடி. நாற்பது, ஐம்பதில் நின்றிருந்தால் வாசல் மாறிப்போயிருக்கிறது, படி 1-க்குத் திரும்புங்கள். முக்கால்வாசியில் நின்றிருந்தால் பெரும்பாலும் வீட்டில் திருமணமோ தைப்பூசமோ வந்திருக்கும். புத்தகத்தை அவரிடமே விட்டுவையுங்கள்.

இரவல் கொடுப்பதாக இருந்தால் முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள், யாரிடம் இருக்கிறது என்பதையும் அதே நோட்டுப் புத்தகத்தில் குறித்துவையுங்கள். மாந்தர் வாசல்காரர்களிடம் கொடுத்தது அக்கா, தங்கை, சம்பந்தி வீடு என்று ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் வரும்.