சொந்த ஒர்க்‌ஷாப்பா? முதலில் ஜாப் கார்டு

சொந்தமாக வண்டி பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப் திறக்க நினைப்பவர்கள் லிஃப்ட், கம்ப்ரசர் என்றுதான் முதலில் கணக்குப் போடுவார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் நகல் தாளோடு ஒரு ஜாப் கார்டு புத்தகம், அதாவது ஒவ்வொரு வண்டியின் நிலை, புகார், வேலை எல்லாம் எழுதும் சீட்டுப் புத்தகம், அச்சடித்து வையுங்கள்.

வண்டி உள்ளே வந்ததும் பதிவு எண், ஓடிய கிலோமீட்டர், எரிபொருள் அளவு, ஏற்கெனவே இருக்கும் கீறல், நசுங்கல் எல்லாவற்றையும் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். புகாரை வாடிக்கையாளர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். ‘பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறது’ என்று எழுதினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்கத் தோன்றும். ‘பிரேக் வேலை’ என்று மட்டும் எழுதினால் பிரேக் பேடை மாற்றி அனுப்பிவிடுவோம், அதே வண்டி மறுவாரம் வந்து நிற்கும். பிரித்த பிறகு வேறு பழுது தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு போன் போட்டுக் கேளுங்கள். சரி என்று அவர் சொன்ன நேரத்தையும் கார்டில் எழுதுங்கள். பில் கொடுக்கும்போது வரும் சண்டையில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கருவிகளில் போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச், தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்ட் இரண்டிலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான், அதை நம்பி அடியில் படுக்காதீர்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் படிக்கும் ஸ்கேனர் வாங்கினாலும் அது காட்டும் பழுதுக் குறியீட்டை அப்படியே நம்பிவிட வேண்டாம். பி0171 (எஞ்சின் கலவையில் எரிபொருள் குறைவு, காற்று அதிகம்) என்று வந்தால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் முன் வேக்குவம் குழாயில் காற்று கசிகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், கழிவு ஆயிலுக்குத் தனி டிரம் வையுங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை அதில் கலந்தால் மறுசுழற்சிக்கு எடுப்பவர் வாங்க மாட்டார்.