பறக்கும் எறும்புகளைக் காணக் காத்திருப்போர் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தில் கோடையில் கறுப்புத் தோட்ட எறும்பின் புற்றுகளிலிருந்து சிறகு முளைத்த ராணிகளும் ஆண்களும் இணைசேரக் கூட்டமாகப் பறந்து எழும். அதனால் ஜூலை பிறந்ததுமே ஒரு கேள்வி கிளம்பிவிடும்: "பறக்கும் எறும்பு நாள் இந்த ஆண்டு என்றைக்கு?" முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. அப்படித் தனியாக ஒரு நாள் கிடையாது. பிரிட்டனின் உயிரியல் அமைப்பான ராயல் சொசைட்டி ஆஃப் பயாலஜி மூன்று கோடைகளில் பொதுமக்களிடமிருந்து திரட்டிய பதிவுகளை ஆராய்ந்தபோது, ஜூன் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை 96 சதவீத நாட்களில் பிரிட்டனில் எங்கேனும் எறும்புகள் பறந்திருப்பது தெரிந்தது. ஒரே தெருவில் உங்கள் வீட்டுப் புற்று இன்று கிளம்பும்; நான்கு வீடு தள்ளி இருப்பது அடுத்த வாரம் கிளம்பும். பெரும் கூட்டங்கள் எழும் நாட்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால், ஒரு கோடையில் அவை பல முறை வரும். ஒரு நாள் தவறிப்போனால் அந்த ஆண்டே போய்விட்டது என்று கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள்.

தேதியை விட்டுவிட்டு வெப்பத்தையும் காற்றையும் கவனியுங்கள். அதே ஆய்வின்படி, வெப்பநிலை 13 டிகிரி செல்சியஸுக்கு மேலும் காற்றின் வேகம் நொடிக்கு 6.3 மீட்டருக்குக் கீழும் இருந்தால்தான் இவை பறக்கின்றன. முந்தைய நாளைவிட வானிலை தேறியிருந்தால் வாய்ப்பு கூடுகிறது. நம்மில் பலர் முதல் மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் ஈசலைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் இங்கும் மழைக்காகவும் இரவுக்காகவும் காத்திருக்கிறோம். கறுப்புத் தோட்ட எறும்புக்கு இரண்டும் தேவையில்லை. காற்று அடங்கிய வெதுவெதுப்பான பிற்பகல் போதும்.

ஈசல் என்று எண்ணிப் பதறுவது அடுத்த தவறு. "மரத்தைக் கரையான் அரிக்கிறது, வீடு போய்விடும்" என்று அஞ்சுபவர்கள் ஒன்றைப் பிடித்து உற்றுப் பார்த்தால் போதும். எறும்புக்கு இடை ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை போல மடிந்திருக்கும், முன்சிறகு பின்சிறகைவிடப் பெரியது. ஈசலுக்கோ இடை ஒடுங்காது, உணர்கொம்பு நேரானது, நான்கு சிறகுகளும் ஏறத்தாழ ஒரே அளவு. பிரிட்டனில் இயல்பாக வாழும் கரையான் இனமே இல்லை. கூட்டத்தில் பெரிதும் சிறிதுமாகத் தெரிவதால் இரண்டு இனங்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. பெரியவை இளம் ராணிகள், சிறியவை ஆண்கள்.

வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பாதியை இழக்கிறார்கள். செய்தி முதலில் தரையில்தான் வரும். நடைபாதைக் கற்களின் இடுக்கில் நுண்மண் குவியும்; வேலைக்கார எறும்புகள் வாசலை அகலப்படுத்திவிட்டு வெளியே பரபரப்பாக அலையும். சிறகுள்ளவை தலைநீட்டிவிட்டுத் திரும்ப உள்ளே போகும். இதைக் கண்டால் அங்கேயே நில்லுங்கள். கிளம்பத் தொடங்கிய பிறகு மேலே பாருங்கள்: கடற்காகங்களும் உழவாரன் குருவிகளும் வட்டமிட்டுத் தின்னும். பல புற்றுகள் ஒரே வேளையில் கிளம்புவதன் பயனும் அப்போது புரியும். எத்தனை பறவை வந்தாலும் எல்லா ராணிகளையும் தின்றுவிட முடியாது. வேறு புற்றின் ஆண்களோடு கூடவும் வழி கிடைக்கிறது. 2020 ஜூலையில் தென்கிழக்கு இங்கிலாந்தின் மேல் எழுந்த கூட்டங்கள் வானிலைத் துறையின் ராடாரில் மழையைப் போலவே பதிவாயின.

என் பார்வையில் பெரிய தவறு, பறப்பு ஓய்ந்ததும் வீட்டுக்குள் போய்விடுவது. உண்மையான கதை அதன் பிறகுதான் தொடங்குகிறது. இணைசேர்ந்த ராணி தரையில் இறங்கித் தன் சிறகுகளைத் தானே முறித்து உதிர்க்கிறாள். மண்ணில் சிறு அறை தோண்டி வாயிலை அடைத்துக்கொள்கிறாள். முதல் வேலைக்கார எறும்புகள் வளரும்வரை அவளுக்கு உணவே இல்லை; இனி பயன்படாத பறக்கும் தசைகளைக் கரைத்து, அதைக்கொண்டு குஞ்சுகளை ஊட்டுகிறாள். அன்று சேமித்த விந்தணுக்களே அவள் ஆயுள் முழுமைக்கும். அந்த ஆயுள் சிறிதன்று: வளர்ப்பில் இருந்த ஒரு ராணி 28 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்திருக்கிறாள். ஆண்கள் ஓரிரு நாளில் மடிந்துவிடுகின்றன. அன்று மாலை தரையைப் பார்த்து நடங்கள்; சிறகற்ற பெரிய எறும்பு ஒன்று வழி தேடிப் போவதைக் காணலாம்.

கொதிநீரையும் மருந்துப் பொடியையும் கொண்டு ஓடிவருபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு புற்றின் பறப்பு பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சன்னலைச் சிறிது நேரம் சாத்தி வைத்தால் போதும். உள்ளே வந்துவிட்டவற்றைத் தாளில் ஏந்தி வெளியே விட்டுவிடலாம்.

குறிப்பெடுப்பவர்கள் பார்த்த நாளை மட்டும் எழுதுவதும் ஒரு குறை. எறும்பு பறக்காத நாட்களின் வெப்பமும் காற்றும் தெரிந்தால்தான் பறந்த நாளில் எது மாறியது என்று ஒப்பிட முடியும். ஒவ்வொரு புற்றுக்கும் தனி அடையாளம் கொடுத்து, தொடங்கிய நேரத்தையும் ஓய்ந்த நேரத்தையும் எழுதுங்கள். வெயில் படும் சுவரோரப் புற்றையும் நிழலில் உள்ள புற்றையும் தனித்தனியே குறித்துவையுங்கள்.