தொற்று புற்றுநோயாக மாறாமல் தடுப்பது எப்படி?

முதலில் எச்பிவி, அதாவது கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ். செல்லுக்குள் நுழைந்ததும் இது ஈ6, ஈ7 என்று இரண்டு புரதங்களை உண்டாக்குகிறது; ஈ6 போய் நம் செல்லின் பி53 புரதத்தைச் சிதைக்க, ஈ7 ஆர்பி புரதத்தை முடக்க, செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் பிரேக்குகள் இரண்டும் போய்விடுகின்றன. அதனால் 9 முதல் 14 வயதுக்குள், தொற்று வருவதற்கு முன்பே, தடுப்பூசி போட்டுவிடுங்கள். ஊசி போட்டிருந்தாலும் சரி, பெண்கள் 30 வயதிலிருந்து கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

அடுத்து, கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடிய ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி.

அப்புறம் வயிற்றில் வாழும், இரைப்பைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடிய எச். பைலோரி பாக்டீரியா. ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடித்தால், டிஎன்ஏ எழுத்து மாறாமலே, புற்றுநோயைத் தடுக்கும் மரபணுக்கள் மீது மீத்தைல் குறிகள் எனும் சிறு வேதிக் கூறுகள் ஏறி அவை அணைந்துவிடலாம். மூச்சுப் பரிசோதனையில் கிருமி தெரிந்தால் ஆன்டிபயாடிக்கைப் பாதியில் விடாதீர்கள். முடித்து குறைந்தது 4 வாரம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள்.